புகை தெரியாத புகைபோக்கி

மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் தமிழ்நாடு மின்வாரியத்தின் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. அதன் திறன் 101 மெகாவாட். காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி எடுக்கும் எரிவாயுதான் அதற்கு எரிபொருள். திருவாரூர் மாவட்டம் கோவில்களப்பால், ராமநாதபுரம் மாவட்டம் வழுதூர் ஆகிய இடங்களிலும் வாரியத்துக்கு இதே வகை நிலையங்கள் உண்டு.

குத்தாலத்தின் 101 மெகாவாட்டும் ஒரே இயந்திரத்திலிருந்து கிடைப்பதில்லை. கம்ப்ரஸர் காற்றை இழுத்து அழுத்துகிறது. அந்தக் காற்றில் எரிவாயு எரிந்து, பொங்கும் சூடான வாயு கேஸ் டர்பைனைச் சுழற்றுகிறது. இதில் கிடைப்பது 60 மெகாவாட்டுக்குச் சற்று மேல். டர்பைனை விட்டு வெளியேறும்போதும் அந்த வாயுவில் ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் வெப்பம் மிஞ்சியிருக்கும். அதைக் கொதிகலனுக்குள் செலுத்தி, நீரை நீராவியாக்கி, இன்னொரு டர்பைனை ஓட்டி மீதி மின்சாரத்தை எடுக்கிறார்கள். இந்த இரண்டாம் பகுதிக்குக் கூடுதலாக ஒரு துளி எரிபொருளும் செலவாவதில்லை.

எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். 1 கிலோ மீத்தேன் முழுதாக எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயுவும் 2.25 கிலோ நீராவியும் உண்டாகும். சாம்பல் கிடையாது, கந்தகமும் மிகச் சொற்பம். புகைபோக்கியில் கரும்புகை தெரியாததற்கு இதுவே காரணம். கண்ணுக்குத் தெரியாததால் புகையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

எரிபொருளின் வெப்பத்தில் 45 சதவீதம் மின்சாரமாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 450 கிராம் கரியமில வாயு வெளியேறும். 10 வாட் எல்இடி விளக்கு 100 மணி நேரம் எரிவதற்கு ஆகும் மின்சாரம்தான் ஒரு யூனிட். இந்திய நிலக்கரி நிலையங்களில் அதே யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கும். குத்தாலம் நிலையம் நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பது 24 லட்சம் யூனிட். காற்றில் கலப்பது ஏறக்குறைய 1,100 டன் கரியமில வாயு. நீராவி டர்பைன் பழுதாகி நின்றால் அதே எரிவாயுவுக்கு 60 மெகாவாட்டுக்குச் சற்று மேல் மட்டுமே மிஞ்சும். அப்போது யூனிட்டுக்கு 450 கிராம் என்பது 700 கிராமைத் தாண்டிவிடும். எந்த எரிபொருள் என்பதோடு, அதை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம்.

அடுத்தது நைட்ரஜன் ஆக்சைடுகள். இவை பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து வருவதில்லை. சுடரின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாகின்றன. வெயில் பட்டால் தரையை ஒட்டி ஓசோன் உண்டாக இவை துணைபோகும். நுரையீரலுக்கு மட்டுமல்ல, டெல்டாவின் நெற்பயிருக்கும் அது கேடு. எரிவாயுவையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து, சுடரின் வெப்பத்தைக் குறைத்தால் இவை பெருமளவு குறையும்.

இவற்றைவிடக் கவலைக்குரியது எரியாமலே கசியும் மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு அது புவியைச் சூடாக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 165 கிராம் மீத்தேன் எரிகிறது. கிணற்றிலிருந்து நிலையம் வரும் வழியில் அதில் 3 சதவீதம், அதாவது 5 கிராம், கசிந்தாலே 400 கிராம் கரியமில வாயுவுக்கு ஈடாகும். நிலக்கரியைவிட எரிவாயு மேல் என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் காண்கிறது.

மின்சாரம் போய்ச் சேரும் இடத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஆரணியில் தறிக்கு மேல் எரியும் விளக்குக்கு எந்த நிலையத்து மின்சாரம் வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிலக்கரி, எரிவாயு, நீர், காற்று, சூரியன் என எல்லாம் ஒரே மின்கட்டமைப்பில் கலந்துதான் வருகின்றன. மாலையில் சூரிய மின்சாரம் சரியும்போது விரைவாகத் தொடங்கி ஈடுகட்ட எரிவாயு நிலையங்கள் பெரிதும் உதவும்.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே இயங்கியவை தொடர்கின்றன. அந்தக் கிணறுகளிலும் குழாய்களிலும் கசிவை அளந்து, புகைபோக்கியின் அளவீடுகளோடு சேர்த்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.