பாலியல் வேறுபாடுகளும் அவமான உணர்வும்: 377-ஆம் பிரிவின் நீண்ட நிழல்

யாங்கூன் மாநகரின் தின்கன்ஜூன் பகுதியில் வாழும் ஆண்கள் இருவர் மனமொத்து உறவு கொண்டால், மியன்மாரின் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 377-ஆம் பிரிவு அவர்களைக் குற்றவாளிகளாகவே கருதும். சென்னையில் வாழும் இருவரை இதே எண் கொண்ட பிரிவு 2018 வரை அச்சுறுத்தி வந்தது.

இரு நகரங்களிலும் ஒரே எண் அமைந்தது தற்செயலானதல்ல. 1860-இல் பிரித்தானிய ஆட்சியாளர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், 1937 வரை பிரித்தானிய இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மாவுக்கும் உரியதாயிற்று. மலாயாவும் சிங்கப்பூரும் அதே எண்ணுடன் அதனைப் பெற்றன. இலங்கையில் 1883-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 365-ஆம் பிரிவாக அது இடம்பெற்றது. பண்பாட்டின் பெயரால் காக்கப்படும் ஒரு தடை, உண்மையில் விக்டோரியா அரசியின் காலத்து இறக்குமதி என்பது கவனிக்கத்தக்கது.

'இயற்கைக்கு மாறான' உறவு எது என்பதை இச்சட்டம் விளக்கவில்லை. கருத்தரிப்புக்கு இடமில்லாத உறவு என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டபோது, கணவன் மனைவியரின் அந்தரங்கமும் எழுத்தளவில் அதன் வரம்புக்குள் வந்தது.

நோய் என்ற முத்திரை

சட்டம் குற்றம் என்றதை மருத்துவம் நோய் என்றது. ஜெர்மானிய-ஆஸ்திரிய மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1886-இல் வெளியிட்ட நூல், வழக்கத்துக்கு மாறான பாலியல் விருப்பங்களைப் பிறழ்வுகளாக வகைப்படுத்தியது. பின்னர் மருத்துவ உலகம் தன் கருத்தைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 11-ஆவது வகைப்பாடு மேலும் ஒரு படி சென்றது. ஒரு பொருளின் மீதான ஈர்ப்பு, வயது வந்தோர் இணங்கி ஈடுபடும் வலி சார்ந்த விளையாட்டு போன்றவை தம்மளவில் நோய்கள் என்ற நிலை அகன்றது. ஆயினும் இணங்காதவரையோ, இணங்க இயலாத குழந்தைகளையோ இலக்காகக் கொள்ளும் நாட்டம் இன்றும் கோளாறாகவே கொள்ளப்படுகிறது. ஆக, ஒரு விருப்பம் அரியதா பொதுவானதா என்பது இன்றைய அளவுகோல் அல்ல. இணக்கம் உண்டா, தீங்கு உண்டா என்பதே அளவுகோல்.

விழாவில் இடம், வீட்டில் இல்லை

மியன்மாரின் தௌங்பியோன் விழாவில் 'நட்' தெய்வங்களின் ஊடகர்களாக ஆடுவோரில் பலர் தன்பாலீர்ப்பினரும் திருநங்கையரும் ஆவர். கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரின் நிலையும் இதனை ஒத்தது. விழா நாட்களில் வணங்கும் சமூகம், மற்ற நாட்களில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவும் வேலை தரவும் தயங்குகிறது.

இத்தயக்கம் உயிர்களையும் பறிக்கிறது. பணியிடத்தில் தமக்கு நேர்ந்த ஏளனத்தைச் சமூக வலைத்தளத்தில் எழுதிய நூலகர் ஒருவர் 2019 ஜூனில் யாங்கூனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நகரின் தகின் மியா பூங்காவில் பால்புதுமையர் திருவிழா வெளிப்படையாக நடைபெற்றிருந்தது.

கற்றுக்கொண்ட நீதிபதி

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தோர் இணங்கிக் கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கோரிய பெண்கள் இருவரின் வழக்கை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தமக்கு இது குறித்துப் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்ட அவர், உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். பின்னர், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, 2022-இல் தமிழக அரசு இழிவற்ற தமிழ்ச் சொற்களின் பட்டியலை வெளியிட்டது.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் 377-ஏ பிரிவை நீக்கியது. இலங்கையில் இத்தகைய மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியபோதிலும் அது சட்டமாகவில்லை. மியன்மாரில் 2021-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சி, அத்தகைய சீர்திருத்தம் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிட்டது.

சட்டம் மாறிய இடங்களிலும் அவமான உணர்வு ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆயினும், தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு கேட்டறிய ஒரு நீதிபதிக்கு இயன்றது பெற்றோருக்கும் இயலும்.