பெயர் எழுதப்படாத காரணங்கள்

கருவுக்கு 22 வாரம் நிறைந்ததிலிருந்து, பிறந்து 7 நாள் முடியும்வரை நேரும் சாவே பேறுகாலச் சிசு மரணம். பதிவேட்டில் மூச்சுத்திணறல், குறைமாதம் என்றிருக்கும். தாயின் வயதும் படிப்பும் வீட்டு வருமானமும் அங்கே காரணமாக வருவதில்லை. அவை உடலுக்குள் எப்படி நுழைகின்றன?

இரத்தம் வழியாக. சோறும் சொதியுமாக நாளை ஓட்டுகிற தாய்க்கு இரும்புச்சத்து குறையும். ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. அது கடுமையானால் கருவுக்குச் சேரும் ஒட்சிசன் குறைந்து, பிள்ளை 2.5 கிலோவை எட்டாமலே பிறக்கலாம். விறகடுப்புப் புகையிலுள்ள காபன் மொனொட்சைட்டும் இதே ஒட்சிசனைத்தான் பறிக்கிறது. பதினாறு வயதுத் தாயோ தானே வளர்ந்துகொண்டிருப்பவள்; சத்தைப் பங்குபோட வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் சிக்கல் வேறு: இரத்த அழுத்தம், நீரிழிவு.

அடுத்தது தூரம். உன்னிச்சை, இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், குளத்தையும் வயலையும் ஒட்டிய ஊர். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வாவி தாண்ட வேண்டும். இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அரச ஆஸ்பத்திரியில் காசும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் யானை திரியும் பாதையில் இராத்திரி எந்த ஓட்டோக்காரர் வருவார்? தொப்புள்கொடி நசுங்கினால் பிள்ளையின் மூளை தாங்குவது நிமிடக்கணக்கில்.

தாய் மரணங்களுக்குத் தடியஸ், மெயின் என்ற ஆய்வாளர்கள் 1994இல் சொன்ன மூன்று தாமதங்கள் இங்கும் பொருந்தும்: முடிவெடுக்க, போய்ச்சேர, சிகிச்சை கிடைக்க. முதலாவதைத்தான் நாம் குறைத்து மதிக்கிறோம். வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் குறைந்ததை உணர்ந்தும், புருஷன் வயலால் வரட்டும் என்று காத்திருக்கிறாள் ஒருத்தி. வீடு தேடி வரும் குடும்பநல மாது, அசைவு குறைந்தால் அப்போதே புறப்படச் சொல்வது இதற்காகத்தான். அதை மாமியாரும் புருஷனும் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.