கம்பியை அறுத்தாற் காவல் நிறைந்துவிடுமா?

தங்கத்தை வங்கிப் பெட்டகத்தில் வைக்கின்றோம். காணி உறுதியை இரும்புப் பெட்டியிற் பூட்டுகின்றோம். ஆனால் 2009ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பிட்கொயின் முதலிய கிரிப்டோ நாணயங்களுக்குக் கையிற் பிடிக்கத்தக்க உருவமே இல்லை. ஓர் இரகசிய எண்ணே அவற்றின் திறவுகோலாகும். அதனை அறிந்தவன் எவனோ, அவனே அப்பணத்தை ஆள்வான். களவு போனதை மீட்டுத் தரும் வங்கி அங்கே கிடையாது.

இணையத்துடன் தொடர்புள்ள கணினியில் அத்திறவுகோலை வைப்பது நகையைத் தெருவாசலில் வைப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் அதனைத் தம்முள் அடக்கிய சிறு கருவிகள் தோன்றின. அவற்றுட் சில, கம்பியாலோ வானலையாலோ எக்கணினியுடனும் இணைவதில்லை. பணம் அனுப்பும் கட்டளை, கியூ.ஆர். குறியாகவோ நினைவக அட்டை வழியாகவோ கருவியை அடையும். கருவி தன்னுள்ளே ஒப்பமிட்டு, அவ்வழியே திருப்பி அனுப்பும். தொலைவிலுள்ள கள்வனுக்கு இதனால் ஒரு வாசல் அடைபடுகின்றது.

எனினும், கம்பி அறுந்த பின்னரும் செய்தி போய் வருகின்றதன்றோ? கருவியின் மென்பொருளே வஞ்சகமானதாயின், ஒப்பத்தினுள் இரகசியத்தை ஒளித்து வெளியேற்றலாம். இரண்டே ஒப்பங்கள் இதற்குப் போதுமென 2024ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். ஒப்பமிடுகையிற் கணினியும் ஓர் எண்ணை வழங்கிச் சரிபார்ப்பது இதற்கொரு மாற்று. ஆனால் அதற்குச் செய்தி மேலும் ஒரு தடவை போய்வர வேண்டும். கம்பியுள்ள கருவிக்கு அது எளிது. குறிகளைக் கமராவாற் படிக்கும் கருவிக்கோ தொல்லை.

கருவியே பிறர் கைப்பட்டால் யாது நிகழும்? ட்ரெசர் என்னும் கருவி பதினைந்து நிமிடம் கையிற் கிடைத்தால் அதன் இரகசியத்தைப் பறிக்கலாம் என்று 2020ஆம் ஆண்டில் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வுகூடம் காட்டியது. பாதுகாப்புச் சில்லு பொருத்துவதால் அத்தகைய தாக்குதல் கடினமாகும். ஆயினும், அச்சில்லின் உள்ளமைப்பைப் பெரும்பாலும் உற்பத்தியாளர் வெளியிடுவதில்லை. திறந்து சோதிக்கத்தக்க கருவியா, மூடிய சில்லின் வலிமையா என்பதே அங்கு எழும் கேள்வி.

2025 பெப்ரவரியிற் பைபிட் நிறுவனம் இணையத்துக்கு அப்பால் வைத்திருந்த இருப்பிலிருந்து சுமார் 150 கோடி அமெரிக்க டொலர் களவாடப்பட்டது. தனிக் கருவி கையிலிருந்தும், ஒப்பமிட்டோர் கணினித் திரை காட்டிய பொய்யை மெய்யென நம்பிவிட்டனர். பெறுபவர் முகவரியையும் தொகையையும் கருவியின் சொந்தத் திரையே தெளிவாகக் காட்டுதல் வேண்டும். ஒப்பமிடுபவர் அதனை வாசித்தல் வேண்டும். திரை பெரிதானால் விலையும் பருமனும் கூடும். சிறிதானால் வாசிப்பவர் பொறுமை இழப்பர்.

இறுதியாக, கருவி பழுதடைந்தாற் பணத்தை மீட்பதற்கு 12 அல்லது 24 சொற்களை எழுதி வைப்பது வழக்கம். அத்தாளைக் கண்டவனுக்குக் கருவியே வேண்டியதில்லை. அத்தாள் எரிந்து கருவியும் கெட்டால் உரியவருக்கும் பணமில்லை. ஆகவே, கருவியைத் தேர்வோர் “கம்பி உண்டா?” என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது, “யாருக்கு அஞ்சிப் பூட்டுகின்றேன்?” என்று முதலிற் கேட்டறிதல் நன்று.