வேர் மருந்தும் ஈராண்டுத் தடையும்

புதுதில்லி: தலைநகரின் உடற்பயிற்சிக் கூடங்களில் புரத மாவு டப்பாக்களுக்கு அருகே அஸ்வகந்தா, சிலாஜித் குப்பிகளும் இடம்பிடித்துவிட்டன. தசை வலுக்கும், பயிற்சிக்குப் பிந்தைய களைப்பு தீரும் என்கிறார்கள் விற்பவர்கள். அஸ்வகந்தா வேறொன்றுமில்லை, தமிழகத்தின் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அமுக்கராதான். மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்ற நம்பிக்கையே இந்த வியாபாரத்தின் முதலீடு.

அந்த நம்பிக்கை 2011-இல் இந்தியத் தடகளத்தையே உலுக்கியது. முந்தைய ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சு ஆசியப் போட்டியிலும் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அஸ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கௌர் உள்ளிட்ட ஆறு வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக், சீனாவில் வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரைகளே காரணம் என்றனர். ஜின்செங் தடைப் பட்டியலில் இல்லாத வேர். உடலில் கண்டறியப்பட்டதோ ஸ்டீராய்டு.

பயிற்சியாளர் நீக்கப்பட்டார். தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் ஒழுங்குக் குழு வீராங்கனைகளுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. சர்வதேசத் தடகள சம்மேளனம் மேல்முறையீடு செய்ய, விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் 2012-இல் அதை ஈராண்டாக்கியது. லண்டன் ஒலிம்பிக் கைநழுவியது.

உடலில் எது இருந்தாலும் வீரரே பொறுப்பு என்பது விதி. அது தளர்ந்தால் பிடிபடுவோர் அனைவரும் மூலிகையின் மீது பழிபோட்டுத் தப்பிவிடுவர் என்பது உண்மையே. ஆனால், அரசு நடத்தும் முகாமில், அரசு நியமித்த பயிற்சியாளர் தரும் மாத்திரையை மறுக்க எந்த வீராங்கனைக்குத் துணிவு வரும்? அதில் கலப்படம் செய்தவர் எவரேனும் இருந்தால், அவர் எந்தத் தீர்ப்பாயத்தின் முன்னும் நிற்கவில்லை.

சட்டத்திலும் சிக்கல் இருக்கிறது. ஒரே வேர் ஆயுர்வேத மருந்தாக விற்கப்பட்டால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம். துணை உணவாக விற்கப்பட்டால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள். திருட்டுத்தனமாகக் கலக்கப்படும் ஸ்டீராய்டை எந்த லேபிளும் சொல்லாது. 2022-இல் நாடாளுமன்றம் ஊக்கமருந்து தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, துணை உணவுகளின் தயாரிப்புக்கும் விநியோகத்துக்கும் தர அளவுகள் வகுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. லண்டனைத் தவறவிட்ட மன்தீப் கௌரும் பிரியங்கா பன்வாரும் அதற்கு எட்டாண்டுகள் முன்பே, 2014-இல், இஞ்சியோனில் மீண்டும் ஓடித் தங்கம் வென்றிருந்தனர்.