பத்துக் கோல்களும் ஒரு நாணயமும்

2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஒரு காலைப்பொழுது. பாடசாலை ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும், கணிதம் கற்பிக்கும் நண்பர் என் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?" என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். காத்மண்டு நகரில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் மாலைதீவு அணி நமது அணியைப் பத்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றுவிட்டது. நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பத்தோ? அது கோல் கணக்கோ, கிறிக்கெற் கணக்கோ?" என்றார். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி இருக்கவில்லை.

பத்திலே ஆறு கோல்களை அலி அஷ்பாக் என்னும் ஒரே வீரர் அடித்திருந்தார். தொலைபேசியின் சிறு திரையில் எண்ணிக்கை ஏற ஏற, ஐந்தாவது கோல் வரையில் நமது பின்களக் காவலர்களைத் திட்டினேன். எட்டாவது கோலின் பின் மாலைதீவுக்காரரைத் திட்டத் தொடங்கினேன்: இவ்வளவு அடித்தது போதாதா, சற்றே மனமிரங்கக் கூடாதா என்று! எதிரணியின் கருணையை எதிர்பார்த்து நிற்கும் ரசிகனிலும் பரிதாபத்துக்குரியவன் எவன்?

பெரியவனிடம் தோற்பதிலே ஒரு சௌகரியம் உண்டு. 1952 முதல் 1955 வரை கொழும்புக் கிண்ணத்துக்காக இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகளோடு இலங்கை ஆடியது. நான்கு முறையும் கிண்ணம் நமக்கு எட்டவில்லை. அக்காலத்து ரசிகர் சிலர் அதுபற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேச்சில் வருத்தம் இருந்தது, அவமானம் இருக்கவில்லை. பின்னர் 1995இல், கொழும்பிலே, மேலதிக நேரத்தில் அடித்த ஒரேயொரு கோலினால் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை நாம் சுவீகரித்தோம். அந்த ஒற்றைக் கோலை ஊறுகாய்போலத் தொட்டுத் தொட்டே இத்தனை ஆண்டுகளின் பழஞ்சோற்றையும் உண்டு வருகிறோம்.

ஆனால் மாலைதீவிடம் தோற்பது அத்தகையதன்று. அந்த 2013ஆம் ஆண்டில் நாம் இரண்டு கோடிப் பேர். அவர்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். ஐம்பதுக்கு ஒன்று என்று நண்பர் விகிதம் சொன்னார். என் கோபம் முழுவதும் அந்த விகிதத்திலேதான் நின்றது.

அந்தக் கோபம் அன்று பிறந்ததன்று. 2008 ஜூன் மாதம், தெற்காசியக் கிண்ணத்தை நாமும் மாலைதீவும் சேர்ந்தே நடத்தினோம். அரையிறுதியில் இருவரும் கொழும்பு சுகததாச அரங்கில் மோதிக்கொண்டோம். யுத்தம் உச்சத்திலிருந்த காலம். யாழ்ப்பாண முகவரி கொண்ட அடையாள அட்டையோடு கொழும்பில் தங்கியிருந்த நான், சோதனைச்சாவடிகளிற் பதில் சொல்லிச் சொல்லி மைதானத்தை அடைந்தேன். உள்ளே சென்றபின் அந்தப் பதில்கள் எல்லாம் மறந்துபோயின. பக்கத்தில் ஒரு சிங்கள முதியவர். கச்சான் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். இருவரும் ஒரே பந்தைப் பார்த்து ஒரே நேரத்தில் எழுந்தோம், ஒரே நேரத்தில் அமர்ந்தோம். 'நம்மவர்' என்னும் சொல்லை அன்று அவ்வரங்கினுள்ளே எவ்விதத் தயக்கமுமின்றிச் சொன்னேன். வெளியே அதனைச் சொல்வது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

ஒரு கோலினால் தோற்றோம். முதியவர் கச்சான் கோதுகளைக் கீழே கொட்டிவிட்டு, உம்பலகட விற்கிறவர்களிடம் தோற்றுவிட்டோமே என்றார். உம்பலகட என்பது நமது மாசிக்கருவாடு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தோல்வியின் நடுவே அந்தச் சிரிப்பு எங்கள் இருவரையும் மிக நெருங்கியவர்களாக்கிற்று. மூன்று நாட்களின் பின் அதே அரங்கில் மாலைதீவு இந்தியாவையும் ஒரு கோலினால் வென்று கிண்ணத்தைக் கொண்டு போயிற்று. அந்த இறுதியாட்டத்தைப் பார்க்க நான் போகவில்லை. கோபம்.

அந்தச் சிரிப்பு 2013இலும் எனக்குக் கைகொடுத்தது. ஆசிரியர் அறையில் நண்பரின் கேலியைத் தாங்க மாட்டாமல், "மாசிக்காரரிட்டைத் தோக்கிறதெண்டால்..." என்று தொடங்கினேன். மாலைதீவின் தீவுப் பாடசாலையொன்றில் இரண்டு வருடம் விஞ்ஞானம் கற்பித்துவிட்டு வந்த ஆசிரியை ஒருவர் மூலையிலிருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, "அங்கை பின்னேரத்திலை நீங்கள் நிண்டு பார்க்க வேணும் சேர்," என்றார். அஸர் தொழுகை முடிந்ததும் பையன்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கிவிடுவார்களாம். மஃரிப் பாங்கு கேட்கும்வரை பந்து நிலத்தில் ஓய்வதில்லையாம். தகப்பன்மார் சூரை பிடித்து வந்த தோணிகளைக் கரையேற்றிவிட்டு நின்று பார்ப்பார்களாம். பிழைவிட்டால் தந்தையே ஏசுவாராம். தலைநகர் மாலேயின் பரப்பு ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீற்றர்தான். அதற்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வீடு கட்ட நிலமில்லாத அந்த ஊரின் நடுவிலே தேசிய உதைபந்தாட்ட அரங்குக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 2008இல் அவர்களைப் பயிற்றியவர் ஜோசப் யான்கெச் என்னும் ஸ்லோவாக்கியர். ஆள் தங்கள் தீவுகளுக்குள் இல்லையென்றால் கடல் கடந்து தேடவும் அவர்கள் கூச்சப்படவில்லை.

ஆசிரியை சொன்ன காட்சி எனக்குப் புதியதன்று. நாவாந்துறையிலும் பாசையூரிலும் மன்னார்க் கரையிலும் அதே மணல், அதே வெறுங்கால், அதே தந்தையர். வடபகுதி உதைபந்தாட்டத்தின் உயிர் அக்கரையோர ஊர்களிலேதான் பெரிதும் இருக்கிறது என்பதை எவரும் மறுக்கமாட்டார். அவ்வூர்க் கழகமொன்று நம்மூர் அணியைத் தோற்கடித்த ஒரு மாலையில், வேலியோரத்தில் நின்ற படித்த பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக் காட்டி மீன் வெடில் என்று கூவியதைச் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். கூவியவர்களில் என் உறவினரும் இருந்தார். நானும் மூக்கைப் பொத்தினேன். அந்த ஆட்டத்திலும் நாம் தோற்றிருந்தோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொழும்பு அரங்கில் அம்முதியவரோடு சேர்ந்து சிரித்தது அதே சிரிப்புத்தான். எங்களை ஒருமைப்படுத்தியது அணிமேற்கொண்ட அன்பு என்று அன்று எண்ணியிருந்தேன். அன்பும் இருந்தது. ஆனால் கச்சானிலும் கைகோத்தலிலும் முடியாத காரியத்தை, நம்மிருவரிலும் சிறியவனொருவனைக் கண்டு நகைத்தது அல்லவா முடித்து வைத்தது? சோதனைச்சாவடியிற் சிறியவனாக நின்றுவிட்டு வந்தவன் நான்.

இவ்வளவு ஞானம் பெற்றபின்னும் 2018இல் மறுபடியும் கோபம் வந்தது. டாக்காவில் நடைபெற்ற கிண்ணப் போட்டி. நமது பிரிவில் இந்தியா, மாலைதீவு, நாம். இருவருமே இந்தியாவிடம் இரண்டு கோல்களாற் தோற்றோம். நமக்குள் ஆடியது கோலின்றிச் சமநிலை. புள்ளி சமம், வாங்கிய கோல் சமம், அடித்த கோலும் சமம், அதாவது இரு பக்கமும் பூச்சியம். ஈற்றில் நாணயத்தைச் சுண்டினார்கள். அது மாலைதீவுக்கு விழுந்தது. ஒரு கோலும் அடியாமலே அரையிறுதிக்குப் போன அவ்வணி, அங்கே நேபாளத்தை மூன்று கோல்களால் வென்றது. செப்டெம்பர் 15ஆம் திகதி இறுதியாட்டத்தில் இந்தியாவை 2-1 என வீழ்த்திக் கிண்ணத்தையும் தூக்கிற்று. அவர்கள் இதுவரை பெற்ற இரண்டு தெற்காசியக் கிண்ணங்களும் நம்மைத் தாண்டியே போயிருக்கின்றன: ஒன்று நம் மண்ணில், மற்றையது ஒரு சில்லறைக் காசில்.

"அந்தக் காசு மற்றப் பக்கம் விழுந்திருந்தால்!" என்று நான் கணித நண்பரிடம் புலம்பினேன். அவர் ஆறுதல் சொல்பவரல்லர். "விழுந்திருந்தால் நீங்கள் நேபாளத்துக்கு மூண்டு கோல் அடிச்சிருப்பியளோ?" என்று கேட்டார். இரண்டு ஆட்டங்களில் அவர்களுந்தான் ஒன்றும் அடிக்கவில்லை என்று வாதாடினேன். வாதம் நியாயமானதே. எனினும், கிடைத்த வாய்ப்பை வைத்து என்ன செய்வதென்று அறிந்த அணி எது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

2021இன் ஆட்டங்களை விரித்துரைக்க மனமில்லை. ஒக்டோபரில் மாலேயில் ஒரு கோலினால் தோற்றோம். அடுத்த மாதம் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், ஜேர்மனியிற் பிறந்த வசீம் ராசீக் நான்கு கோல்களையும் தாமே அடிக்க, பின்தங்கி நின்ற ஆட்டம் 4-4 எனச் சமநிலையாயிற்று. வெற்றி பெற்றதுபோல் ஆர்ப்பரித்தோம். நானும் அயலவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அதே தொடரின் இறுதியாட்டத்திலே தண்ட உதைகளில் நம்மை வென்ற நாடு சீஷெல்ஸ். அதன் சனத்தொகை ஓர் இலட்சம் வரையில். இம்முறை நண்பர் விகிதம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தோற்பதற்கும் கொடுத்துவைக்க வேண்டும் என்பதை 2023இலே அறிந்தோம். அவ்வாண்டு ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் நமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டிலேதான் தடை நீங்கிற்று. இடையிலே பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்து முடிந்தது. மாலைதீவு ஆடியது. நாம் இல்லை. பத்துக் கோல் வாங்கிய இரவில்கூட அத்தகைய வெறுமையை நான் உணர்ந்ததில்லை.

2024 செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்றோம், அதுவும் அவர்களுடைய தலைநகரிலே. இரவு தொலைபேசி மணி அடித்தது. கணித நண்பர். "வெண்டிட்டியளாம் மாஸ்டர்," என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மாலைதீவோடை எப்ப ஆட்டம்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். தொலைபேசியை வைத்த கையோடு ஆட்ட அட்டவணையைத் தேடத் தொடங்கினேன்.