சேர்வராயன் வேர்கள் – 9: வெள்ளைக்கல்லில் பாதி கரியமில வாயு

ஏற்காடு மஞ்சக்குட்டைப் பக்கத்துச் சார்னோகைட் பாறையோடு போன வாரம் நிறுத்தினோம். ஏறத்தாழ 250 கோடி வயது, நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய்ப் பளபளப்பு. மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தச் சேர்வராயன் மலைத் தொகுதியின் அடிவாரத்தில், அதோடு எந்த விதத்திலும் ஒட்டாத வேறொரு பாறை கிடக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பாருங்கள். நகரத்தை ஒட்டி வெளுத்த திட்டுகள் தெரியும். நகரமலைக்கு இரு புறமும், கருப்பூர், வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி சுற்றுவட்டாரத்தில் நூறாண்டுக்கும் மேலாக வெட்டிய வெள்ளைக்கல் சுரங்கங்கள் அவை. வெள்ளைக்கல் என்பது மேக்னசைட். ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர்.

வெட்டிய சுவரின் அருகே போனால் இரண்டு கற்கள் தெரியும். பெரும்பகுதி பழுப்பும் பச்சையுமாக உதிர்கிற டுனைட். அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துக்கொண்டு ஓடுகிற வெள்ளை நரம்புகள்தான் மேக்னசைட். சில நூல் பருமன், சில கை பருமன். உடைத்தால் மெருகிடாத பீங்கான் போலச் சில்லு தெறிக்கும். வெள்ளைக்காரர்கள் இந்த மேடுகளைச் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்று எழுதினார்கள். ஆனால் நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். வெள்ளைக்கல் பேசாமல் கிடக்கும், சூடுபடுத்தினால்தான் நுரைக்கும். 1896-லேயே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மிடில்மிஸ் இந்தப் பாறைகளைப் பற்றித் தனிக் குறிப்பு எழுதிவிட்டார்.

டுனைட் கிட்டத்தட்ட முழுவதும் ஆலிவின் என்ற ஒரே கனிமம். மக்னீசியம் மிகுதி, சிலிக்கா குறைவு. இப்படிப்பட்ட கல்லின் இயல்பான இருப்பிடம் நம் காலுக்குக் கீழே சுமார் 40 கிலோமீட்டரைத் தாண்டிய கவசப் பகுதி. அங்கே இருக்க வேண்டியது சேலம் புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கதை அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னக் கணக்கு.

மேக்னசைட்டின் மூலக்கூறு எடை 84. அதில் கரியமில வாயு மட்டும் 44. அதாவது 100 கிலோ வெள்ளைக்கல்லைத் தூக்கினால் அதில் 52 கிலோ கரியமில வாயு! கரியமில வாயு கரைந்த நீர் டுனைட்டின் வெடிப்புகளில் இறங்க, ஆலிவினிலுள்ள மக்னீசியம் அந்த வாயுவைப் பிடித்துக் கல்லாக்கிவிட்டது. மிஞ்சிய சிலிக்கா பக்கத்திலேயே படிந்தது. அந்த வாயு மேலிருந்து மழையோடு இறங்கியதா, ஆழத்திலிருந்து ஏறியதா என்பது தனி விவாதம்.

பிறகு மனிதன் வந்தான். சூளையில் இட்டால் 52 கிலோ வானத்துக்குப் போய், 48 கிலோ மக்னீசியா மிஞ்சும். அது உருக 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால்தான் எஃகு உலைகளுக்கு உள்சுவர்ச் செங்கல் ஆனது. மலை பிடித்து வைத்ததை நாம் திறந்துவிட்டோம்.

இதே வினையை ஓமன் நாட்டு மலைகளில் வேண்டுமென்றே நடத்திப் பார்க்கிறார்கள். வாயு கரைந்த நீரை இவ்வகைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை. அரைத்துக் கொட்டிய கழிவே ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் கரியமில வாயுவைத் தானாக உறிஞ்சுவதை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அங்கே பொடி, இங்கே நம் சுரங்கங்களில் ஒதுக்கிய டுனைட் கற்குவியல். வேகம் வேறாகத்தான் இருக்கும். என்றாலும் இந்தக் குவியல்களை வெறும் கழிவு என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வாக்குக்கு வருவோம். இரண்டு கட்சிகள். நிலப்பிளவுகள் வழியே ஆழத்துக் குழம்பு சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலேறியது என்பது ஒன்று. சாமல்பட்டி, சேவத்தூர் பாறைகளை அதற்குத் துணைக்கு அழைப்பார்கள். பாலக்காடு–காவிரி மண்டலத்தில் இரு நிலத்துண்டுகள் மோதியபோது நடுவில் மாட்டிய பழைய கடல்தரையின் மிச்சங்கள் இப்பகுதியில் உண்டு என்பது மற்றொன்று; நாமக்கல் பக்கத்துத் தேவனூரும் மணமேடும் அவர்கள் சாட்சிகள். சேலம் டுனைட் எந்தக் கட்சியில் சேரும் என்பதை அடுத்த வாரம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். பெரியார் பல்கலைக்கழகம் சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளின் அருகில்தான் இருக்கிறது. அங்கே நிலவியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது ஒரு டுனைட் குவியலை எடுத்துக்கொண்டு, அது ஆண்டுக்கு எவ்வளவு வாயுவைக் குடிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இந்தத் தொடரில் அதற்கு இடம் உண்டு.