டியூக் நடந்த தனி ரூட்... உங்களுக்கும் ஒரு ஸ்லாட்!

உங்க காலேஜ்ல கரஸ்பாண்டென்ட்டுக்கு மட்டும் தனி லிஃப்ட் இருக்கா? இருந்தா, அதுல ஒரு நாளாவது ஏறிப் பார்த்துடணும்னு கை துறுதுறுன்னு இருக்குமே! இந்த ஆசை உங்களுக்கு மட்டும் இல்லீங்க. இத்தாலியில ஃப்ளாரன்ஸ்னு ஒரு ஊரு. அங்கே ஆட்சியில இருந்தவர் தனக்குன்னே ஆகாயத்துல ஒரு தனி வழி கட்டிக்கிட்டார். கடைகளுக்கு மேலே, ஆத்துக்கு மேலே, சர்ச்சுக்குள்ளே எட்டிப் பார்த்துக்கிட்டே போற வழி. நீளம் சுமார் முக்கால் கிலோமீட்டர். பேரு 'வசாரி காரிடார்'.

அந்த வழியில இப்போ நீங்களும் நடக்கலாம். ஒரே கண்டிஷன்... முன்கூட்டியே புக் பண்ணணும், உங்க டைம் ஸ்லாட்டுக்குக் கரெக்டா நிக்கணும், மியூசிய ஊழியர் கூட வருவார். "காசு கொடுத்துப் போறோம், எதுக்கு இவ்வளவு கெடுபிடி?"ன்னு கேக்குறீங்களா? அந்தக் கேள்விக்கான பதில்லதான் சுவாரஸ்யமே இருக்கு. வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!

17 வயசு டியூக்

1537-ல் ஃப்ளாரன்ஸை ஆண்ட அலெஸாண்ட்ரோ மெடிசியை, அவருடைய சொந்தக்காரரே தீர்த்துக் கட்டிவிட்டார். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் கோசிமோ மெடிசி. அப்போது அவருக்கு வயது 17. நாம ப்ளஸ் டூ முடிச்சுட்டு கவுன்சலிங்குக்கு அப்பாவோட பஸ் ஏறுற வயசு! முன்னாடி இருந்தவர் எப்படிச் செத்தார்னு தெரிஞ்சவருக்கு, கூட்டத்துக்கு நடுவே நடக்கிறது எவ்வளவு டென்ஷனா இருந்திருக்கும்!

ஊருக்கு நடுவே இருந்த பலாஸோ வெக்கியோதான் அரசு மாளிகை. 1549-ல் கோசிமோவின் மனைவி எலியனோரா, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பிட்டி மாளிகையை வாங்கினார். ஆக, ஆபீஸ் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். நடுவில் ஆர்னோ ஆறும், ஊர் சனமும். தினமும் அந்தக் கூட்டத்தில் இறங்கிப் போகணுமா என்ற கேள்விக்கு டியூக் கண்ட விடைதான் இந்த காரிடார்.

வேலையை ஒப்படைத்தது ஜார்ஜோ வசாரியிடம். ஓவியர், ஆர்க்கிடெக்ட், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர்... ஒரே ஆளு மூணு டிகிரி மாதிரி! 1560-ல் உஃபிஸி கட்டடத்தை ஆரம்பித்ததும் அவர்தான். 'உஃபிஸி' என்றால் இத்தாலிய மொழியில் 'அலுவலகங்கள்' என்றுதான் அர்த்தம். உலகமே க்யூ கட்டுகிற ஆர்ட் கேலரி, ஆரம்பத்தில் ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ்!

அஞ்சே மாசம்!

1565-ல் கோசிமோவின் மகன் ஃபிரான்செஸ்கோவுக்கும் ஆஸ்திரிய இளவரசி ஜோவன்னாவுக்கும் கல்யாணம். அதற்குள் காரிடார் ரெடியாக வேண்டும் என்பது ஆர்டர். கட்டி முடிக்க எடுத்துக்கொண்டது சுமார் ஐந்து மாதம்தான். மோட்டார் கிரேன் இல்லை, கான்க்ரீட் மிக்சர் இல்லை. நம்ம காலேஜ்ல புது பிளாக் எத்தனை செமஸ்டரா 'விரைவில் திறப்பு விழா'ன்னு போர்டோட நிக்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுக்குங்க!

சிவில் மக்களே, இது உங்களுக்கு. வசாரி எல்லாவற்றையும் புதுசாகக் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்குள் நுழைந்து, ஆற்றங்கரையில் வரிசையாக வளைவுகள் எழுப்பி, பொன்டே வெக்கியோ பாலத்துக் கடைகளுக்கு மேலே ஏறி, அப்படியே அக்கரைக்குப் போய்விட்டார். 1345-ல் கட்டிய பாலம் அது. அதன் தலையில் இன்னொரு மாடி!

டவர் ஓனர் சொன்ன 'நோ'

பாலத்தின் அக்கரை முனையில் மன்னெல்லி குடும்பத்தின் டவர் நின்றது. காரிடார் நேராகப் போக வேண்டுமானால் அதை உடைக்கணும். குடும்பம் 'முடியாது' என்று சொல்லிவிட்டது. ஆட்சியே கையில் இருந்தவர் என்ன செய்தார் தெரியுமா? வழியை வளைத்தார். கல் தாங்கிகளின் மேல் நின்றபடி காரிடார் அந்த டவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு வீட்டுக்காரர் சொன்ன 'நோ'வுக்கு, 450 வருஷத்துக்கும் மேலாகக் கல்லில் நிற்கிற சாட்சி அது.

அதைத் தாண்டினால் சான்டா ஃபெலிசிட்டா சர்ச். காரிடார் அதன் முகப்பு மண்டபத்தின் மேலேயே போகிறது. உள்ளே ஒரு பால்கனி. மெடிசி குடும்பம் அங்கே உட்கார்ந்தபடியே பூசை பார்க்கும். கீழே சனங்கள், மேலே டியூக். சாமி முன்னாடிகூட தனி பெஞ்ச்!

மூக்குக்கும் ஒரு கதை இருக்கு. பாலத்தில் அப்போது நிறைய கறிக்கடைகள் இருந்தன. 1593-ல், கோசிமோவின் இன்னொரு மகன் ஃபெர்டினாண்டோ ஆட்சியில் இருந்தபோது, கறிக்கடைகளைக் காலி பண்ணச் சொல்லி, அந்த இடத்தை நகைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பாலத்தில் வரிசையாக நகைக்கடைகள்தான். மேலே நடக்கிறவருக்கு நாற்றம் அடித்தால், கீழே இருக்கிறவன் தொழிலே இடம் மாறும். அதுதான் அந்தக் காலத்துப் பவர்!

'பெர்மிஷன்' கேட்ட காலம்

இப்போ விஷயத்துக்கு வருவோம். உஃபிஸியின் மேல் மாடியில் மெடிசி குடும்பம் சேர்த்த சிலைகளையும் ஓவியங்களையும் 1580-களிலேயே வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்கணும்னா? கேட்டு, அனுமதி வாங்கித்தான் போகணும். ஆக, 'முன் அனுமதியோடு நுழைவு' என்பது அங்கே புதுசு இல்லை. ஆனால், அன்றைக்கு அந்த அனுமதி உங்கள் அந்தஸ்தைப் பொறுத்தது. ஊர் ஊராகச் சுற்றுகிற பிரபுவுக்குக் கதவு திறக்கும். கறிக்கடைக்காரருக்குத் திறந்திருக்குமா என்ன?

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர் ஒரு பெண். மெடிசி வம்சத்தின் கடைசி வாரிசு ஆன்னா மரியா லூயிஸா. 1737-ல் அவர் செய்த ஒப்பந்தப்படி, குடும்பத்தின் கலைச் செல்வம் முழுக்க அரசுக்கு. ஒரே நிபந்தனை... எதுவும் ஃப்ளாரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' இன்னும் ஃப்ளாரன்ஸிலேயே இருக்கிறதென்றால், அந்தக் கையெழுத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1769-ல் உஃபிஸி பொதுமக்களுக்கு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. சல்யூட் மேடம்!

பாலம் தப்பியது... தெரு தப்பவில்லை

1944 ஆகஸ்ட். பின்வாங்கிய ஜெர்மன் படை, ஃப்ளாரன்ஸில் ஆர்னோ மேல் இருந்த பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தது. விட்டு வைத்தது பொன்டே வெக்கியோ ஒன்றை மட்டும். அதற்கும் இரண்டு முனைகளிலும் இருந்த கட்டடங்களை இடித்து வழியை அடைத்தார்கள். 1946-ல் ரோஸலினி எடுத்த 'பைசா' படத்தில் (நம்ம காசு இல்லீங்க, 'நம்ம ஊர்க்காரன்' என்று அர்த்தம்), சண்டை நடக்கும்போது அக்கரைக்குப் போகத் துடிக்கிற ஒரு நர்ஸ் இந்த காரிடார் வழியாகத்தான் ஓடுவார். டியூக்குக்காகக் கட்டிய வழி, ஒரு நர்ஸுக்கு வழியானது!

1993 மே 27, நள்ளிரவு தாண்டி. உஃபிஸியை ஒட்டிய ஜார்ஜோஃபிலி தெருவில் மாஃபியா வைத்த கார் குண்டு வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு தம்பதி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள். கடைக்குட்டி பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐந்தாவது ஆள் 22 வயது ஆர்க்கிடெக்சர் ஸ்டூடன்ட். நம்ம செட்டு. கேலரியும் காரிடாரின் ஒரு பகுதியும் சேதமாயின. பார்டோலொமியோ மன்ஃப்ரெடியின் ஓவியங்கள் உட்படச் சில படைப்புகள் சிதைந்தன. ஓவியத்தை ஒட்ட வைக்க ஆள் உண்டு. அந்த ஐந்து பேரை?

உஃபிஸி வாசலில் பையை ஸ்கேன் பண்ணும்போது 'சே, லேட் ஆகுதே' என்று தோணினால், இந்தத் தெருவை ஒரு தடவை நினைச்சுக்குங்க.

ஏன் 25 பேர் மட்டும்?

1973-லிருந்து காரிடார் சுவர்களில் கலைஞர்களின் சுய உருவ ஓவியங்கள் தொங்கின. 17-ம் நூற்றாண்டில் கார்டினல் லியோபோல்டோ மெடிசி ஆரம்பித்த கலெக்ஷன் அது. அப்போதும் காரிடார் எல்லோருக்கும் திறந்த இடமாக இல்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கிய சின்னக் குழுக்கள்தான் போக முடிந்தது. 2016-ல் பாதுகாப்புக் காரணத்துக்காக அதையும் மூடினார்கள்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு டியூக், நாலு காவலாளி நடக்கிறதுக்காகக் கட்டிய ஒடுக்கமான வழி. நடுவில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீங்க? கீழே கடை, அதற்கும் கீழே ஆறு! கட்டடத்தைப் பலப்படுத்தி, அவசரமாக வெளியேறும் வழிகள் அமைத்து, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் போகிற மாதிரி மாற்றி, 2024 டிசம்பர் 21 அன்று மறுபடி திறந்தார்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் 25 பேர். கூடவே ஊழியர்கள். எமர்ஜென்சி என்றால், உள்ளே எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

அந்த சுய உருவங்கள்? அவற்றில் பலவற்றை 2023-லேயே உஃபிஸியின் புது அறைகளுக்கு மாற்றிவிட்டார்கள். காரிடார் திறந்தபோது சுவர் வெறுமையாகத்தான் இருந்தது. "சுவரையா காசு கொடுத்துப் பார்க்கணும்?"னு நண்பர் கூட்டம் கலாய்க்கும். சுவரை விடுங்க, ஜன்னலைப் பாருங்க! கீழே பாலத்தில் கூட்டம் போகும். அவர்களுக்கு நீங்கள் மேலே நிற்பது தெரியாது. டியூக் ஊரை எப்படிப் பார்த்தார் என்பதுதான் அங்கே மாட்டியிருக்கிற படம்.

அன்றைக்கு 'நீ யாரு?' என்று கேட்டுக் கதவு திறந்தது. இன்றைக்கு 'நீங்க எத்தனை பேர்?' என்று கேட்டுத் திறக்கிறது. கட்டுப்பாடு ஒன்றுதான், காரணம் வேறு. ஆனால், முழு மார்க் போட மனசு வரலை. திறந்தபோது உஃபிஸியும் காரிடாரும் சேர்ந்த டிக்கெட் 43 யூரோ. நம்ம ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 4,000 ரூபாய். இப்போது 'யாரு?' என்று ஆள் கேட்கவில்லை, பர்ஸ் கேட்கிறது!

புக்கிங் டிப்ஸ்

* ஹையர் ஸ்டடீஸுக்கு இத்தாலி போகிற பிளான் இருக்கா? ஃப்ளாரன்ஸ் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே காரிடார் ஸ்லாட்டைப் பாருங்க. உஃபிஸியின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் புக் பண்ணுங்க. இடைத்தரகர் தளங்கள் கமிஷனை ஏற்றி விற்கும்.

* டிக்கெட்டில் இருப்பது காரிடாருக்கான நேரம். உஃபிஸிக்குள் அதற்கு முன்பே நுழைஞ்சு, முதல்ல கேலரியைப் பாருங்க. காரிடாருக்குள் போய்விட்டால் மறுபடி கேலரிக்குத் திரும்ப முடியாது. ஒன் வே!

* போட்டிசெல்லி, லியனார்டோ, மைக்கேலேஞ்சலோ, கரவாஜியோ... இந்த நாலு பேரை முதலில் முடிச்சுடுங்க. எல்லா அறையையும் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்லாட் போயிடும்.

* ரெஸ்ட் ரூம் வேலையை கேலரியிலேயே முடிச்சுக்குங்க. பெரிய பேக்பேக் எடுத்துப் போகாதீங்க.

* காரிடார் முடியும் இடம் பிட்டி மாளிகைப் பக்கத்து போபோலி தோட்டம். உஃபிஸியில் உங்களைத் தவறவிட்ட நண்பரை ஆற்றுக்கு அக்கரையில்தான் சந்திப்பீங்க. முன்னாடியே பேசி வச்சுக்குங்க!

* திங்கட்கிழமை உஃபிஸிக்கு லீவு.

பர்ஸ் காலியா? கீழே வாங்க!

ஸ்லாட் கிடைக்கலை, கையில் யூரோவும் இல்லை. அதுக்காக ஃபீல் பண்ணாதீங்க. இதே ரூட்டைக் கீழே நடந்து பார்க்க ஒரு பைசா செலவில்லை.

உஃபிஸியிலிருந்து ஆற்றங்கரைக்கு வந்தால், வசாரியின் வளைவுகளுக்கு அடியிலேயே நடக்கலாம். தலைக்கு மேலே காரிடார் போகும். பாலம் ஏறி அக்கரை முனைக்குப் போய், அண்ணாந்து பாருங்க. மன்னெல்லி டவரை காரிடார் சுற்றிக்கொண்டு போவது பளிச்சென்று தெரியும். உள்ளே நடக்கிறவருக்கு அது வெறும் திருப்பம். அந்த 'நோ' எவ்வளவு பெருசுன்னு வெளியே நிற்கிறவருக்குத்தான் தெரியும்!

அப்படியே சான்டா ஃபெலிசிட்டா சர்ச்சுக்குள் போங்க. பொன்டார்மோ வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது, சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுவைச் சுமந்து செல்கிற காட்சி. 1520-களில் வரைந்தது. அருங்காட்சியகத்துக்குப் போகாமல், வரைந்த இடத்திலேயே இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் திரும்பி, வாசல் பக்கச் சுவரை நிமிர்ந்து பாருங்க. டியூக் குடும்பத்தின் பால்கனி தெரியும்.

சனங்களின் கண்ணில் படாமல் போகத்தான் அவ்வளவு உயரத்தில் வழி கட்டினார் கோசிமோ. இன்றைக்கு அந்த வழியைக் கீழே நின்று யார் வேண்டுமானாலும் நாள் முழுக்கப் பார்க்கலாம். இதுக்கு ஸ்லாட் கிடையாது, லிமிட்டும் கிடையாது!